மூடி நீங்கலாக

கன்றுக்குட்டிகள் மூடியைத் தின்பதில்லை. இந்த எளிய உண்மை கால்நடை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவருக்கு உறைப்பதற்கு இரண்டு வருடமும், நூற்று இருபது கன்றுகளும், பதினான்கு பக்கத்தில் ஒரு கட்டுரையும் தேவைப்பட்டன.

மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் கன்னுக்குட்டி சார். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால், ஆனால் காதில் விழுகிற தூரத்தில் சொல்வார்கள். சாருக்கு அதில் வருத்தம் கிடையாது. பெரிய கண், விடைத்த காது, எதைக் கேட்டாலும் ஒரு நொடி திகைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிற சுபாவம். கண்ணாடியில் பார்த்துக்கொண்டபோது அவருக்கே நியாயமாகத்தான் பட்டது.

அவர் ஆராய்ந்தது ஒரு குடற்புழுப் பொடியை. ஒரு கன்றுக்கு எவ்வளவு கொடுத்தால் புழு சாகும், கன்று சாகாது என்பதுதான் கேள்வி. ஆய்வகத்தில் காலி டப்பாவைத் தராசில் வைத்து எண்ணைச் சைபராக்குவார்கள். பிறகு பொடியைப் போடுவார்கள். தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறி பொடியை வாரிக்கொண்டு போகாமல் இருக்க டப்பாவை மூடுவார்கள். எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். ஆறு கிராம். புழுக்கள் மாண்டன, கன்றுகள் துள்ளின, கட்டுரை அச்சேறியது.

அச்சேறி ஏழு மாதம் கழித்து ஒரு நாள் காலை மின்விசிறி நின்றுபோனது. அரை மணி நேரத்தில் ஆய்வக உதவியாளர் அம்மாள் சாரின் அறை வாசலில் வந்து நின்றார். இருபது வருடமாகப் பொடி அளக்கிறவர். கை தராசைவிடத் துல்லியம்.

"சார், மெஷின் கெட்டுப்போச்சு போல. அதே கரண்டி, தலை தட்டித்தான் போட்டேன். ரெண்டு கிராம்தான் காட்டுது."

"ஆறு காட்டணுமே?"

"மூடியைப் போட்டா ஆறு காட்டுது. ஃபேன் ஓடலையே, மூடி எதுக்குன்னு விட்டுட்டேன்."

சார் ஒரு நொடி திகைத்துப் பார்த்தார். எழுந்து போய் மூடியை மட்டும் தராசில் வைத்தார். நான்கு கிராம். எடுத்தார், துடைத்தார், மறுபடி வைத்தார். நான்கு. மூடிக்கு மனசாட்சி இருந்தது. பதினேழு தடவை கேட்டும் ஒரே பதிலைச் சொன்னது.

"அப்படின்னா நம்ம கன்னுங்க சாப்பிட்டது..."

"ரெண்டுதான் சார். மூடியை நாம கழுவி வச்சிடுவோமே."

இரண்டு கிராம் புழுவைக் கொல்லும். ஆறு கிராம் கன்றையும் சேர்த்துக் கொல்லும். கட்டுரையில் இருந்தது ஆறு. அதுவாவது கட்டுரை, கட்டுரைகளை யாரும் படிப்பதில்லை என்று சார் தன்னைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்தக் கட்டுரையை ஆதாரமாக வைத்துக் கால்நடைத் துறை மாடு வளர்ப்பவர்களுக்கு ஒரு பிரசுரம் போடப்போகிறது. நாற்பதாயிரம் பிரதி. அதன் மாதிரித் தாளை அவரே வாங்கிவந்து மனைவியிடம் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறார். பிரதிக்கு ஒரு கன்று என்று வைத்தாலும்... சாருக்கு வியர்த்தது. மின்விசிறி வேறு ஓடவில்லை.

துறையின் பிரசுர அதிகாரிக்குத் தொலைபேசி போட்டார்.

"சார், அந்தக் குடற்புழுப் பிரசுரத்துல மருந்தளவு தப்பு. ஆறு இல்ல, ரெண்டு."

"யார் பேசறது?"

"அந்தக் கட்டுரையை எழுதினவன்."

"அடடே! அற்புதமான கட்டுரை சார். எங்க ஆபீஸ்ல எல்லாரும் படிச்சோம். அதாவது முதல் பக்கம்."

"அது தப்புங்க."

"உங்க தன்னடக்கம் எனக்குப் புரியுது."

"தன்னடக்கம் இல்லைங்க, மூடி."

விஷயத்தை அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "பாருங்க சார், அச்சுல வந்தது அச்சுல வந்ததுதான். யாரோ ஒருத்தர் ஃபோன் பண்ணி, நான்தான் எழுதினேன், தப்பா எழுதிட்டேன்னா, அதை எந்தக் கோப்புல ஏத்தறது? அந்த இதழே வாபஸ் வாங்கினதா ஒரு தாள் கொண்டாங்க. அந்த நிமிஷமே நிறுத்தறேன். இல்லேன்னா எழுபதாம் நாள் அச்சுக்குப் போயிடும்."

"எழுபது நாள்தானா?"

"தாராளம் சார்! ஒரு தப்பை ஒத்துக்க எத்தனை நேரம் ஆகும்?"

சாரும் அப்படித்தான் நினைத்தார். அன்றே ஆய்விதழுக்கு மின்னஞ்சல் எழுதினார். 'என் கட்டுரையில் மருந்தளவு தவறு. மூடியின் எடை சேர்ந்துவிட்டது. தயவுசெய்து உடனே வாபஸ் பெறவும்.' மூன்று வரி, ஒரு கையொப்பம்.

ஐந்தாவது நிமிடம் பதில் வந்தது. சார் துள்ளினார். 'உங்கள் புதிய ஆய்வுக் கட்டுரையைப் பெற்றுக்கொண்டோம். வாழ்த்துகள்.' பதினைந்தாவது நாள் இன்னொன்று வந்தது. 'உங்கள் கட்டுரையை இரு மதிப்பீட்டாளர்கள் படித்தனர். மூன்று வரி போதாது. முன்னுரை இல்லை. பிறர் செய்த தவறுகளோடு உங்கள் தவறு ஒப்பிடப்படவில்லை. இத்தவறில் புதுமை என்ன என்பதும் தெளிவாக இல்லை. எனவே நிராகரிக்கிறோம். மனம் தளராமல் தொடர்ந்து எழுதவும்.'

மறுநாள் சார் நேரிலேயே கிளம்பிப் போனார்.

இதழின் அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. நீண்ட நடை. ஒரு பக்கம் முழுக்கக் கதவுகள். முதல் கதவில் 'திருத்தம்' என்று பலகை. அடுத்ததில் 'பிழை திருத்தம்'. மூன்றாவதில் 'திருத்தத்துக்குத் திருத்தம்'. அங்கேதான் கூட்டம், பெஞ்சில் எட்டுப் பேர். நான்காவதில் 'கவலை'. கடைசிக் கதவில் 'வாபஸ்'. அதில் பூட்டுத் தொங்கியது. பூட்டுக்கு முன்னால் பழைய இதழ்க் கட்டுகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவற்றின் மேல் ஒரு பூந்தொட்டி, பசுமையாக, நிம்மதியாக இருந்தது.

இதழின் செயலாளர் அம்மையார் மென்மையானவர். ஆஸ்பத்திரியில் கெட்ட செய்தி சொல்பவரைப் போலப் பேசினார்.

"திருத்தம்னா எங்க தப்பு சார். பிழை திருத்தம்னா உங்க தப்பு. எதுவா இருந்தாலும் கட்டுரையோட முடிவை மாத்தக் கூடாது. கவலைன்னா, யார் தப்புன்னு தெரியல, ஆனா வெளியில யாரோ கேட்டுட்டாங்க."

"எனக்கு வாபஸ் வேணும்மா."

அம்மையார் நடையை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதுக்கு யாராவது உங்க மேல புகார் குடுக்கணும்."

"நானே குடுக்கறேன்."

"புகார் குடுக்கறவரும் புகாருக்கு ஆளானவரும் ஒரே ஆளா இருந்தா விசாரணை நடுநிலையா இருக்காது சார். உங்களுக்கு உங்க மேல என்ன விரோதமோ! நாங்க எப்படி நம்பறது?" படிவம் ஒன்றை நகர்த்தினார். "உங்களை நல்லாத் தெரிஞ்சவங்க, ஆனா உங்க மேல பரிதாபம் இல்லாதவங்க யாராவது இருந்தா எழுதச் சொல்லுங்க. பேர் போட வேண்டாம்."

சாருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் படிவத்தைக் கொடுத்தார். அவர் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"உங்க மேல புகாரா? நான் எழுதணுமா?" கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எத்தனை பக்கம் எழுதலாம்?"

"மூடியைப் பத்தி மட்டும் எழுது."

"எதையும் மூடி வைக்காம எழுதறேன், நீங்க போய் டீ போடுங்க."

பதினொரு பக்கம் போனது. முதல் பக்கத்தில் மூடி இருந்தது. மிச்சம் பத்துப் பக்கத்தில் ஈரத் துண்டைக் கட்டில் மேல் போடுவது, கல்யாணமான மூன்றாம் வருடம் ரயில் நிலையத்தில் மனைவியை மறந்துவிட்டு வந்தது, அவருடைய அண்ணனைப் பற்றி ஒரு விசேஷத்தில் சொன்ன ஒரு வார்த்தை ஆகியவை தேதி, நேரம், சாட்சியோடு இருந்தன.

பத்தாவது நாள் சாருக்கு இதழிலிருந்து கடிதம் வந்தது. 'யாரோ ஒரு விஷமி உங்கள் மேல் புகார் அனுப்பியுள்ளார். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அநாமதேயப் புகாருக்கு நீங்கள் முந்நூறு நாட்களுக்குள் பதில் தந்தால் போதும். நாங்கள் உங்கள் பக்கம் நிற்கிறோம். பின்குறிப்பு: துண்டு விஷயம் இதழின் அதிகார வரம்புக்குள் வராது, ஆனால் இரண்டாம் மதிப்பீட்டாளர் அதைக் கவலைக்குரியதாகக் கருதுகிறார்.'

"விஷமியாமே!" என்று மனைவி பூரித்துப்போனார். சார் முந்நூறு நாளுக்குக் காத்திருக்காமல் முந்நூறாவது விநாடியிலேயே பதில் அனுப்பினார்: 'புகார் உண்மை.'

இதழ் வரலாற்றில் அப்படி ஒரு பதில் வந்ததில்லை. விசாரணைக் குழு கூடியது.

நீண்ட மேசை. நடுவில் முதன்மை இதழாசிரியர், சந்தன நிறக் கோட்டில், வெள்ளி முடியோடு. பக்கத்தில் குறிப்பெடுக்கச் செயலாளர் அம்மையார். இன்னொரு நாற்காலி காலி. அது இரண்டாம் மதிப்பீட்டாளருடையது. அவர் யார் என்பது பரம ரகசியம். எனவே அறிக்கை மட்டும் வந்திருந்தது. புகாரில் பதினொரு முக்கியக் கட்டுரைகள் மேற்கோள் காட்டப்படவில்லை என்று அதில் இருந்தது. பதினொன்றையும் எழுதியவர் ஒரே ஆள்.

"புரொஃபசர், உக்காருங்க," என்றார் இதழாசிரியர். "யார் உங்களை மிரட்டறாங்க?"

"யாரும் இல்லைங்க ஐயா. மூடியோட எடையைக் கழிக்காம விட்டுட்டேன்."

"இப்படித்தான் எல்லாரும் முதல்ல சொல்வாங்க." அனுதாபத்தோடு தலையை ஆட்டினார். "உங்க கட்டுரையை ரெண்டு மதிப்பீட்டாளர்கள் படிச்சாங்க. நான் கையெழுத்துப் போட்டேன். மொத்தம் மூணு பேர் ஆறு கிராம்ங்கறோம். நீங்க ஒருத்தர் ரெண்டுங்கறீங்க. அறிவியல்ல பெரும்பான்மைக்கு ஒரு மரியாதை உண்டா இல்லையா?"

"தராசும் ரெண்டுன்னுதான் சொல்லுது ஐயா."

"தராசு எங்கயாவது கட்டுரை எழுதியிருக்கா?"

சார் திகைத்துப் பார்த்தார். அதை ஒப்புதல் என்று அம்மையார் குறித்துக்கொண்டார்.

இதழாசிரியர் எழுந்து சன்னலோரம் போய் நின்றார். பேச்சு வருகிறது என்பதற்கு அது அடையாளம். "புரொஃபசர், இந்த இதழுக்கு நாற்பத்தொரு வயசு. இத்தனை வருஷத்துல எத்தனை கட்டுரையை வாபஸ் வாங்கியிருக்கோம் தெரியுமா? ஒண்ணே ஒண்ணு. அதுவும் சரியான கட்டுரை. அடுத்த பக்கத்துல இருந்ததை எடுக்கறதுக்குப் பதிலா அதை எடுத்துட்டோம்."

"அப்புறம் அதைத் திரும்பப் போட்டீங்களா?"

"எப்படிப் போட முடியும்? போட்டா, வாபஸ் வாங்கினது தப்புன்னு ஆயிடாதா? அந்த மனுஷன் பாவம், நல்லவர், ஏழெட்டு வருஷம் எழுதிக் கேட்டுட்டு இருந்தார். அப்புறம் அவரே புரிஞ்சுக்கிட்டு கடை வச்சுட்டார்." பெருமூச்சு விட்டார். "ஒரு கட்டுரை தப்பா இருக்கலாம். அது சகஜம். அதை எல்லார்கிட்டயும் சொன்னா என்ன ஆகும்? அடுத்த கட்டுரையையும் சந்தேகப்படுவான். அப்புறம் படிக்க ஆரம்பிச்சுடுவான். நாற்பத்தொரு வருஷமா யாரும் எங்களைப் படிச்சதில்ல. அதனாலதான் எங்க மேல இவ்வளவு மதிப்பு."

"ஐயா, கன்னுக்குட்டிங்க செத்துடும்."

"செத்தா அதை ஒரு கட்டுரையா எழுதிக் கொண்டாங்க. போடறோம்."

நடவடிக்கை எடுக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அடுத்த இதழில் ஒரு திருத்தம் வந்தது. 'கட்டுரையாளரின் தொலைபேசி எண்ணில் கடைசி இலக்கம் தவறாக அச்சாகியிருந்தது. வருந்துகிறோம். இத்திருத்தம் கட்டுரையின் முடிவுகளை எவ்விதத்திலும் பாதிக்காது.' அதற்குக் கீழே, கறுப்புக் கட்டம் கட்டி, கவலை: 'இக்கட்டுரை குறித்து இதழ் கவலை கொள்கிறது. கவலைக்கான காரணம் வாசகர்களுக்குக் கவலை அளிக்கக்கூடும் என்பதால் வெளியிடப்படவில்லை. கட்டுரையை வழக்கம்போல் பயன்படுத்தலாம்.'

பிரசுர அதிகாரியிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினார் சார். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "இதழ் உங்க மேல எவ்வளவு அக்கறையா இருக்கு பாருங்க!" என்றார். நாட்கள் இருபத்தெட்டுதான் மிச்சம்.

கறுப்புக் கட்டத்துக்கு ஒரு வசியம் உண்டு. அதுவரை மூன்று பேர் புரட்டிய கட்டுரையை, என்னதான் கவலை என்று தெரிந்துகொள்ள மூவாயிரம் பேர் புரட்டினார்கள். யாருக்கும் தெரியவில்லை. ஆனால் எண்ணிக்கை ஏறிவிட்டது. எண்ணிக்கை ஏறினால் விருது. 'ஆண்டின் தலைசிறந்த கட்டுரை' என்று சாரை அழைத்து மேடையில் ஏற்றினார்கள்.

சார் இதை ஒரு வாய்ப்பாக நினைத்தார். சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஒலிபெருக்கியைப் பிடித்து, சபையைப் பார்த்துச் சொன்னார்: "இந்தக் கட்டுரை தப்பு. ஆறு கிராம்னு எழுதியிருக்கேன். ரெண்டுதான் சரி. மூடியைச் சேர்த்து எடை போட்டுட்டேன். தயவுசெஞ்சு யாரும் இதைப் பின்பற்றாதீங்க."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. எழுந்து நின்று தட்டினார்கள். "எப்பேர்ப்பட்ட பணிவு!" என்று முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் வேறு யாருமல்ல, பிரசுர அதிகாரிதான். கீழே இறங்கிய சாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சார், உருகிட்டேன். நாற்பதாயிரம் பத்தாது. அறுபதாயிரமா போடச் சொல்லிட்டேன்."

வாயைத் திறந்தாலே இருபதாயிரம் கன்றுகள் கூடுகின்றன. சார் சால்வையோடு வீட்டுக்கு வந்து சோபாவில் சரிந்தார். இரண்டு நாள் கல்லூரித் தொழுவத்துப் பக்கமே போகவில்லை. கன்றுகள் தலையைத் தூக்கிப் பார்த்தால் தாங்க முடியாது என்று கொல்லைப்புற வாசல் வழியாக வகுப்புக்குப் போய்வந்தார்.

மூன்றாவது நாள் மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தார். "என்னங்க, இப்படி மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தா ஆச்சா? நீங்க போறது தப்பான வழி. தப்பு தப்புன்னு கத்திட்டே இருக்கீங்க."

"தப்பைத் தப்புன்னு சொல்லாம?"

"எங்க ஆபீஸ்ல முப்பது வருஷம் பாத்திருக்கேன். ஒரு நிலத்துல வில்லங்கம் இருக்குன்னு ஊரே கூடிக் கத்தினாலும் ஒருத்தன் திரும்பிப் பாக்க மாட்டான். அவன் பேரையே அந்தப் பத்திரத்துல சேத்துப் பாருங்க. மறுநாள் காலைல ஆபீஸ் திறக்கறதுக்கு முன்னாடி வாசல்ல நிப்பான்."

சார் ஒரு நொடி திகைத்துப் பார்த்தார். இரண்டாவது நொடியும் பார்த்தார். "அந்த இதழாசிரியர் பேரைக் கட்டுரையில சேக்கறதா? அவர் ஒண்ணும் செய்யலையே! பொய் ஆயிடாதா?"

"ஒண்ணும் செய்யலையா? அந்த ஆறு கிராமைக் காப்பாத்த உங்களைவிட அவர்தானே அதிகமா உழைச்சிருக்கார்?"

மறுக்க வழியில்லாத உண்மை. சார் விண்ணப்பம் எழுதினார். 'என் கட்டுரையில் மருந்தளவு ஆறு கிராமாக நிலைபெறுவதற்கு முதன்மை இதழாசிரியரும் இரண்டாம் மதிப்பீட்டாளரும் ஆற்றிய பங்கு மகத்தானது. அவர்கள் பெயர்களைக் கட்டுரையாளர்களாகச் சேர்க்கத் தவறிவிட்டேன். திருத்தம் வெளியிடவும்.' முழுக்க உண்மை. அம்மையாரிடம் கொடுத்துவிட்டு நடையில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்த இடம் சூடேறுவதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள்.

"புரொஃபசர்!" இதழாசிரியரே நாற்காலியை இழுத்துப் போட்டார். "நான் ஒண்ணும் பெரிசா செஞ்சுடலையே?"

"நீங்க இல்லேன்னா ஆறு கிராம் இன்னைக்கு இருக்குமா ஐயா?"

"அது சரி. அது சரிதான்." கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்தார். "யோசிச்சுப் பாத்தா, கையெழுத்துப் போடும்போது எனக்கு ஒரு யோசனை தோணிச்சு. நல்ல யோசனை. என்னன்னு ஞாபகமில்ல. அகர வரிசையா பேர் போடறதுதான் நம்ம வழக்கம், ஆனா வயசு வரிசைன்னு ஒண்ணும் இருக்கே. என் பேர் முதல்ல வரட்டும். ஒரு ஃபோட்டோவும் குடுத்துடறேன்."

இரண்டாம் மதிப்பீட்டாளர் யார் என்பதைத் தேட வேண்டியிருக்கவில்லை. அதுவரை பரம ரகசியமாக இருந்தவர் மறுநாள் காலையில் தானே மூன்று மாடி ஏறி வந்து, "அந்த ரகசிய ஆள் நான்தான்" என்று சொல்லி, தன் பட்டங்களை வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வாபஸுக்கு அறுபது நாள் அலைந்தவருக்கு இந்தத் திருத்தம் நான்கே நாளில் வந்தது. புதுப்பித்த கட்டுரையில் முதல் பெயர் இதழாசிரியருடையது, புகைப்படத்தோடு. இரண்டாவது, ரகசிய ஆள். சாரின் பெயர் கடைசியில், சின்ன எழுத்தில். அச்சுக்கு ஐந்து நாள் இருந்தது.

அன்றே ஆய்வக உதவியாளர் அம்மாள் ஒரு தாளில் தன் பெயரைப் போட்டே கடிதம் எழுதினார். சார் சொல்லிக் கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்று தபால்தலை ஒட்டிக் கொடுத்ததோடு சரி. 'முதல் கட்டுரையாளர் ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் ஆறு கிராம் என்று எழுதியது தவறு. மூடி நான்கு கிராம். உங்கள் பேச்சைக் கேட்டு மருந்து கொடுத்தால் அறுபதாயிரம் கன்றுகள் சாகும். மாடு வளர்ப்பவர்கள் எல்லோரும் உங்கள் போட்டோவைப் பார்ப்பார்கள்.'

ஐந்தாம் நாள் காலை கடிதம் போய்ச் சேர்ந்தது; பத்தாவது நிமிடம் சாரின் தொலைபேசி அடித்தது. எண்ணைத்தான் திருத்திவிட்டார்களே, முதல் முயற்சியிலேயே கிடைத்துவிட்டது.

"புரொஃபசர்! யாரோ என் மேல அபாண்டமா பழி போடறாங்க! நான் எடை போட்டேனாம்! நான் தராசைப் பாத்தே முப்பது வருஷம் ஆச்சய்யா!"

"யாரோ விஷமியா இருக்கும் ஐயா. தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க. முந்நூறு நாள்ல பதில் சொன்னா போதும்."

"முந்நூறு நாளா? இன்னைக்குப் பிரசுரம் அச்சுக்குப் போகுது! என் ஃபோட்டோவையும் போடப்போறதா அந்த அதிகாரி இப்பதான் சந்தோஷமா ஃபோன் பண்ணினார்!"

"மூணு பேர் ஆறுங்கறோம், அந்தம்மா ஒருத்தர் ரெண்டுங்கறாங்க. பெரும்பான்மைக்கு..."

"பெரும்பான்மையைத் தூக்கிக் குப்பையில போடுங்க! கன்னுக்குட்டி செத்தா?"

"ஒரு கட்டுரையா எழுதிடலாம் ஐயா."

மறுமுனையில் நாற்காலி ஒன்று விழுந்த சத்தம் கேட்டது.

அன்று மத்தியானம் மூன்றாவது மாடியில் நடந்ததை நேரில் பார்த்தவர்கள் ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். 'திருத்தத்துக்குத் திருத்தம்' பெஞ்சில் காத்திருந்தவர்களை எழுப்பி இதழ்க் கட்டுகளைத் தூக்கச் சொன்னார்கள். பூந்தொட்டியை அம்மையாரே ஏந்திக்கொண்டார். வாபஸ் கதவின் சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அப்படி ஒரு சாவி செய்யப்பட்டதா என்பதே சந்தேகம். இரண்டாம் மதிப்பீட்டாளர் ஓடிப்போய், பட்டங்களையெல்லாம் மறந்து, தோளில் சுத்தியலோடு பூட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான்கு அடியில் கதவு திறந்தது. உள்ளே ஒரு மேசை, ஒரு முத்திரை, அதற்கு மை இல்லை. இதழாசிரியர் தன் பேனாவை உடைத்து மையை ஊற்றினார். சந்தன நிறக் கோட்டில் நீலம் தெறித்தது, அவர் கவனிக்கவில்லை.

வாபஸ் அறிவிப்பு இப்படி இருந்தது: 'முதன்மை இதழாசிரியரின் கழுகுக் கண் ஒரு பிழையைக் கண்டுபிடித்தது. நேர்மையே மூச்சாகக் கொண்ட இதழ், ஒரு கணமும் தாமதியாமல் கட்டுரையை வாபஸ் பெறுகிறது. கடைசிக் கட்டுரையாளர் விசாரணையில் முன்னுக்குப் பின் முரணாக, முதலில் இரண்டு என்றும் பிறகு ஆறு என்றும் கூறியதை வருத்தத்துடன் பதிவு செய்கிறோம். அவர் இரண்டு வருடங்களுக்கு இவ்விதழில் தவறு செய்யத் தடை விதிக்கப்படுகிறது.'

"என்னங்க இது, உங்களைத் திட்டியிருக்கான்?" என்று மனைவி கொதித்தார். சார் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் அந்தத் தாளோடு ஓடிக்கொண்டிருந்தார்.

பிரசுர அதிகாரி அச்சகத்தில் இருந்தார். இயந்திரத்தில் தகடு ஏற்றியாகிவிட்டது. பக்கத்தில் அறுபதாயிரம் தாள், சுவர்போல. அதிகாரி அறிவிப்பைப் படித்தார். முத்திரையை முகர்ந்து பார்த்தார். மை ஈரமாக இருந்தது.

"நிறுத்துங்கப்பா!" என்று அச்சுக்காரரிடம் கத்தினார். சொன்ன சொல் மாறாத மனிதர். ஃபோட்டோ போயிற்று, கட்டுரையின் பெயர் போயிற்று. பிறகு சாரிடம் திரும்பினார். "ஆறை எடுத்துடறோம் சார். அந்த இடத்துல என்ன போட?"

"ரெண்டு."

"ரெண்டுன்னு எந்த இதழ்ல வந்திருக்கு?"

சார் திகைத்துப் பார்த்தார். "எதுலயும் வரல."

"அப்ப ரெண்டு போட முடியாது. ஆறும் போட முடியாது." அதிகாரி தாடையைச் சொறிந்தார். அச்சுக்காரர் இயந்திரத்தில் கையை வைத்தபடி, "சீக்கிரம் சொல்லுங்க சார், அடுத்து சர்க்கஸ் நோட்டீஸ் காத்திட்டிருக்கு" என்றார். கடைசியில் அச்சுக்காரரே ஒரு சின்ன உளியை எடுத்து, தகட்டிலிருந்து அந்த ஓர் எண்ணை மட்டும் சுரண்டித் தள்ளினார்.

அறுபதாயிரம் பிரதியும் அப்படியே வந்தன. 'ஒரு கன்றுக்குத் தரவேண்டிய மருந்தளவு: ............ கிராம்.'

வாங்கியவர்கள் எல்லோரும் குழம்பினார்கள். எண் விட்டுப்போச்சே என்று பிரசுரத்தை ஒரு கையிலும் கன்றை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் போனார்கள். மருத்துவர்கள், வேறு வழியில்லாமல், கன்றை எடை போட்டார்கள். நாக்கைப் பார்த்தார்கள், வயிற்றைத் தட்டினார்கள். பொடியைத் தராசில் போட்டு அளந்து, கோடிட்ட இடத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். நோஞ்சானுக்கு ஒன்றரை, கொழுத்ததுக்கு இரண்டேகால். அந்தப் பருவத்தில் ஒரு கன்றுகூடச் சாகவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பிரசுர அதிகாரி சாரைப் பார்க்கக் கல்லூரிக்கே வந்தார். தொழுவத்தில் நின்று கன்று ஒன்றின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்த சாரிடம் சொன்னார்:

"பத்தொன்பது வருஷமா பிரசுரம் போடறேன் சார். எங்க பிரசுரத்துல ஒரு வரிகூட மாடு வளர்க்கறவங்களுக்குப் பிரயோஜனமா வந்ததில்ல. இதுதான் முதல் தடவை."

"அந்த வரியில ஒண்ணுமே இல்லையேங்க."

"அதைத்தான் சார் இனிமே எல்லாத்துலயும் போடறதா இருக்கோம்."